நீ ஆரின்ர பிள்ளை? செம்மணியும் பிறப்புரிமையியலும்

எங்கட ஊரில் ஒரு வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு உள்ளுக்குப் போனால், "தேத்தண்ணி குடிக்கிறியோ" என்று கேட்க முதல் ஒரு கேள்வி வரும். "நீ ஆரின்ர பிள்ளை?" அப்பாவின் பெயரைச் சொன்னால் மட்டும் போதாது. அம்மா ஆர், அம்மம்மா எந்த ஒழுங்கை எல்லாம் சொல்லி முடிய, விறாந்தையில் இருக்கிற ஆச்சி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முகத்தை வடிவாகப் பார்ப்பா. "ஓமோம், அம்மம்மான்ர மூக்கு அப்படியே கிடக்கு." அதுக்குப் பிறகுதான் தேத்தண்ணி.

அளவெட்டியில் வளர்ந்த எல்லாருக்கும் இது பழக்கமான கேள்வி. தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் பெயர்போன ஊர் என்பதால், ஒரு பெடியன் கோயில் வீதியில் நின்று விரலால் தாளம் போட்டாலே "இரத்தத்தில கிடக்கு" என்று சொல்லிவிடுவார்கள். தவில் மேதை தட்சணாமூர்த்தி வாழ்ந்த ஊரில் அப்படிச் சொல்லாமல் விட்டால்தான் புதினம்.

இந்தக் கேள்விக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. கலியாணப் பேச்சு வருகிறபோது, வாடகைக்கு வீடு கேட்டு ஒருவர் வருகிறபோது, "ஆரின்ர பிள்ளை" என்பது மெல்ல "ஆர் ஆக்கள்" என்று மாறும். அது அன்பான விசாரிப்பு இல்லை. அது சாதி விசாரணை. ஒரே கேள்விதான். ஒருமுறை உள்ளே கூப்பிடக் கேட்கிறது, இன்னொருமுறை வெளியே நிறுத்தக் கேட்கிறது.

அதே கேள்வியை இப்போது வேறோர் இடத்தில் கேட்கவேண்டி வந்திருக்கிறது. எங்கட ஊரிலிருந்து மோட்டார் சைக்கிளில் முக்கால் மணித்தியாலத்தில் போகக்கூடிய செம்மணியில், மண்ணுக்குள் இருந்து எடுத்த எலும்புகளிடம்.

ஒரு பாடப்புத்தகச் சொல்

தமிழ்நாட்டில் மரபியல் என்று சொல்வதை எங்கட விஞ்ஞானப் புத்தகம் பிறப்புரிமையியல் என்று சொல்லும். சாதாரண தரத்தில் படிக்கிறபோது அந்தச் சொல்லைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. மெண்டல், தோட்டப் பயற்றை, நெட்டை குட்டை, மூன்றுக்கு ஒன்று. பரீட்சைக்குப் பாடமாக்கினேன், பிறகு மறந்துவிட்டேன். உயர்தரத்தில் கலைப்பிரிவு எடுத்தேன், கம்பசிலும் கலைப்பீடம்.

2025இல் செம்மணிச் செய்திகளை ஒவ்வொரு நாளும் வாசிக்கத் தொடங்கினபோதுதான் அந்தச் சொல் திரும்ப ஞாபகம் வந்தது. பிறப்பு, உரிமை. தான் ஆரின்ர பிள்ளை என்று அறியப்படுவது ஓர் உரிமை என்றால், செத்த பிறகும் அந்த உரிமை இருக்கத்தானே வேணும்?

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். காணாமலாக்கப்பட்டவர்களின் பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே அவர்களுடைய மரபணு மாதிரிகளை எடுத்துப் பாதுகாக்கிற, அவர்கள் நம்பக்கூடிய ஒரு வங்கி எங்களுக்கு வேண்டும். எலும்புக்கு அவசரம் இல்லை. அது கிடக்கும். பெற்றோருக்குத்தான் வயது போகிறது. இது எங்களுக்கு மட்டும் வந்த பிரச்சினையும் இல்லை. உலகத்தின் மறுபக்கத்தில் சில அம்மம்மாமாரும் அப்பம்மாமாரும் 40 வருடங்களுக்கு முதலே இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள்.

செம்மணி: 1996, 1999, 2025

எங்கட வயதுக்காரர் பலருக்குச் செம்மணி என்றால் யாழ்ப்பாணத்துக்குள் நுழைகிற வளைவும் உப்புவெளியும்தான். அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்தது. அளவெட்டியும் போனது. 1996இல் சனம் திரும்பி வந்தபோது குடாநாடு இராணுவக் கட்டுப்பாட்டில் இருந்தது. அந்த வருடத்தில் மட்டும் யாழ்ப்பாணத்தில் சுமார் 600 பேர் காணாமற்போனதாகச் சர்வதேச மன்னிப்புச் சபை சொன்னது.

1996 செப்டெம்பர் 7ஆம் திகதி, உயர்தர இரசாயனவியல் பரீட்சை எழுதிவிட்டு வீடு திரும்பிய சுண்டுக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிருசாந்தி குமாரசாமி செம்மணிச் சோதனைச் சாவடியில் மறிக்கப்பட்டார். பாலியல் வன்புணர்வுக்கு உட்படுத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். தேடிப்போன தாயும் தம்பியும் அயலவர் ஒருவரும் கொல்லப்பட்டார்கள். இந்த வழக்கில் 1998 ஜூலை 3ஆம் திகதி மரணதண்டனை விதிக்கப்பட்டவர்களில் ஒருவரான லான்ஸ் கோப்ரல் சோமரத்ன ராஜபக்ச, செம்மணியில் 300 முதல் 400 உடல்கள் வரை புதைக்கப்பட்ட இடங்களைத் தன்னால் காட்டமுடியும் என்று நீதிமன்றத்தில் சொன்னார். 1999இல் தோண்டியபோது 15 உடல்கள் எடுக்கப்பட்டன. அதில் இரண்டு பேர் 1996இல் காணாமற்போனவர்கள் என்று இனங்காணப்பட்டார்கள். அத்தோடு கதை நின்றது.

பிறகு 2025 பெப்ரவரியில் செம்மணிச் சித்துப்பாத்தி மயானத்தில் கட்டட வேலைக்கு வெட்டினபோது எலும்புகள் வந்தன. யாழ்ப்பாண நீதவான் நீதிமன்றத்தின் உத்தரவில் மே மாதம் அகழ்வு தொடங்கியது. தொல்லியல் பேராசிரியர் ராஜ் சோமதேவ தலைமை தாங்கினார். எங்கட பல்கலைக்கழகத் தொல்லியல் மாணவர்களும் அந்த வெயிலுக்குள் நின்று வேலை செய்தார்கள். செப்டெம்பர் தொடக்கத்தில் கணக்கு 240 எலும்புக்கூடுகளாக இருந்தது. குழந்தைகளின் எலும்புகள் இருந்தன. ஒரு நீலப் புத்தகப்பை இருந்தது. ஒரு பொம்மை இருந்தது.

எலும்பைப் பார்த்துச் சட்ட வைத்தியர் வயதைச் சொல்லலாம், ஆணா பெண்ணா என்று சொல்லலாம், காயம் இருந்தால் அதைச் சொல்லலாம். பெயரைச் சொல்ல எலும்பால் முடியாது. பெயரைச் சொல்ல இன்னொருவர் தேவை. உயிரோடு இருக்கிற ஒரு சொந்தக்காரர்.

ஆர்ஜென்ரீனாவின் அம்மம்மாமார்

1976 மார்ச் 24இல் ஆர்ஜென்ரீனாவில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1983 வரை நீடித்த அந்த ஆட்சியில் காணாமலாக்கப்பட்டவர்கள் 30,000 பேர் வரை என்று மனித உரிமை அமைப்புகள் சொல்கின்றன. பிடிக்கப்பட்ட இளம் பெண்களில் சிலர் கர்ப்பிணிகள். பிள்ளை பிறக்கும் வரை வைத்திருந்து, பிறந்த பிறகு தாயைக் கொன்று, குழந்தையை இராணுவத்துக்கு வேண்டப்பட்ட குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். இப்படிக் களவெடுக்கப்பட்ட குழந்தைகள் சுமார் 500 பேர்.

1977இல் புவனஸ் அயர்சின் மே சதுக்கத்தில் தாய்மார் கூடத் தொடங்கினார்கள். எங்கட அம்மாமார் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் இருந்த மாதிரித்தான். அதே 1977 ஒக்டோபரில், பேரப்பிள்ளைகளைத் தேடுகிறவர்கள் தனியாக ஓர் அமைப்பாகச் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவரான சிச்சா மரியானி பள்ளிக்கூடத்தில் கலை படிப்பித்தவர். எஸ்தெலா டி கார்லோத்தோ ஆரம்பப் பாடசாலை அதிபர். ஒருவரும் விஞ்ஞானி இல்லை.

அவர்களுக்கு இருந்த சிக்கலைப் பாருங்கோ. ஒரு பிள்ளையைக் கண்டுபிடித்தாலும் "இது எங்கட பேரன்தான்" என்று எப்படி நிறுவுவது? அந்தக் காலத்தில் தகப்பனை உறுதிப்படுத்தக் குருதிச் சோதனை இருந்தது. இங்கே தகப்பனும் இல்லை, தாயும் இல்லை. ஒரு தலைமுறையே வெட்டப்பட்டுவிட்டது. 1979இல் பேப்பரில் குருதிச் சோதனை பற்றி ஒரு செய்தியைப் பார்த்தார்கள். அங்கிருந்து ஒரு கேள்வி பிறந்தது: எங்கட குருதியை வைத்துச் சொல்ல ஏலாதோ? அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு நாடு நாடாகப் போனார்கள். 1982இல் நியூயோர்க்கில், தங்கள் நாட்டிலிருந்து தப்பிப்போன மரபணு மருத்துவர் விக்தோர் பென்சாசாதேயைச் சந்தித்தார்கள். அவர் மற்ற விஞ்ஞானிகளிடம் கொண்டுபோனார். அந்த வழியில் வந்து சேர்ந்தவர்தான் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து மேரி கிளேயர் கிங். பிற்காலத்தில் மார்பகப் புற்றுநோயோடு தொடர்புபட்ட பி.ஆர்.சி.ஏ.1 என்ற மரபணு இருக்கிற இடத்தைக் கண்டுபிடித்தவரும் அவர்தான்.

அவர்கள் செய்த கணக்கு, அடிப்படையில் நாங்கள் சாதாரண தரத்தில் படித்த அதே மெண்டல்தான். பிள்ளையில் இருக்கிற ஒவ்வொன்றும் பாதி தாயிடமிருந்து, பாதி தகப்பனிடமிருந்து. தாய் தகப்பனில் இருந்தது அவர்களுடைய தாய் தகப்பனிடமிருந்து. ஆகவே அம்மம்மா, அம்மப்பா, அப்பம்மா, அப்பப்பா நான்கு பேரின் குருதியிலும் எச்.எல்.ஏ என்கிற, ஆளுக்காள் மிகவும் வேறுபடுகிற அடையாளங்களைப் பார்த்தால், இந்தப் பிள்ளை இந்தக் குடும்பத்துப் பிள்ளையாக இருப்பதற்கான சாத்தியத்தை 99.9 சதவீதம் வரை கணக்கிடலாம். அதற்குப் பாட்டிச் சுட்டெண் என்றே பெயர் வைத்தார்கள். 1984 டிசெம்பரில் ஓர் எட்டு வயதுப் பிள்ளை இந்த முறையில் தன் குடும்பத்திடம் திரும்பினாள்.

1987இல் பாட்டிமாரின் வற்புறுத்தலால் அந்த நாட்டில் ஒரு சட்டம் வந்தது. தேசிய மரபணுத் தரவு வங்கி அமைந்தது. அந்த வங்கியின் யோசனை எளிமையானது. இன்றைக்குப் பிள்ளை கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, குருதியை வைத்துவிட்டுப் போவோம். பிள்ளை எப்போதாவது தேடி வரும்.

2014இல், தன்னுடைய 83ஆவது வயதில், கார்லோத்தோ தன் சொந்தப் பேரனைக் கண்டார். சிச்சா மரியானிக்கு அது கிடைக்கவில்லை. 2018இல், 94 வயதில், பேத்தியைக் காணாமலேயே இறந்தார். ஆனால் அவருடைய மாதிரி வங்கியில் இருக்கிறது. பேத்தி நாளைக்கு வந்து கேட்டாலும் "நீ ஆரின்ர பிள்ளை" என்பதற்கு அங்கே பதில் காத்திருக்கிறது. 2025 வரை 140 பேர் அப்படித் திரும்பியிருக்கிறார்கள்.

இழைமணியும் எங்கட சொந்தமுறையும்

உயிரோடு இருக்கிற பிள்ளைக்குக் குருதி எடுக்கலாம். எலும்புக்கு என்ன செய்வது? இங்கேதான் மேரி கிளேயர் கிங் அடுத்த படிக்குப் போனார். பல்லிலும் எலும்பிலும் மிச்சமிருக்கும் இழைமணி டி.என்.ஏ.

டி.என்.ஏ எங்கட கலத்தில் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று கருவுக்குள், நிறமூர்த்தங்களில். அது தாய் பாதி, தகப்பன் பாதி. மற்றது கலத்துக்குச் சக்தி தயாரிக்கிற இழைமணிக்குள். அது தாயிடமிருந்து மட்டும்தான் வரும். கருவில் இருப்பது ஒரு கலத்துக்கு இரண்டு பிரதிதான். இழைமணி டி.என்.ஏ நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் இருக்கும். வருடக்கணக்காக வெக்கையிலும் ஈரத்திலும் கிடந்த எலும்பில் கரு டி.என்.ஏ சிதைந்துபோனாலும் இது மிஞ்சுவதற்கு வாய்ப்பு அதிகம்.

சரி, ஒரு பெடியனின் எலும்பு கிடைக்கிறது, அவனுடைய அம்மா இப்போது இல்லை என்று வைப்போம். அவனுக்கு இருக்கிற அதே இழைமணி டி.என்.ஏ வேறு ஆரிடம் இருக்கும்? அம்மாவின் சகோதரியிடம். அதாவது பெரியம்மா, சின்னம்மாவிடம். அவர்களுடைய பிள்ளைகளிடம். நாங்கள் அண்ணா, அக்கா, தம்பி, தங்கச்சி என்று கூப்பிடுகிற அதே ஆட்களிடம். மாமாவிடமும் இருக்கும், ஆனால் மாமாவின் பிள்ளைகளிடம் இருக்காது. அவர்கள் மாமியின் இழைமணியைக் கொண்டவர்கள். அவர்கள் எங்களுக்கு மச்சான், மச்சாள்.

தகப்பன் பக்கம் பார்த்தால், ஆண்களுக்கு மட்டும் உள்ள வை நிறமூர்த்தம் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகும். பெரியப்பாவின் மகனுக்கும் சித்தப்பாவின் மகனுக்கும் அதே வைதான். அவர்களும் அண்ணன் தம்பி. அத்தையின் மகனுக்கு வேறு வை. அவன் மச்சான்.

இதை நான் ஒரு தாளில் கோடு போட்டுப் பார்த்தபோது கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டேன். நாங்கள் சகோதரம் என்று கூப்பிடுகிறவர்களோடு இந்த இரண்டு கோடுகளில் ஒன்றைப் பகிர்கிறோம். மச்சான், மச்சாள் என்று கூப்பிடுகிறவர்களோடு இரண்டையும் பகிர்வதில்லை.

இதை வாசித்துவிட்டு "எங்கட முன்னோர் அப்பவே டி.என்.ஏ கண்டுபிடிச்சவை" என்று ஆரும் வட்ஸ்அப்பில் போடவேண்டாம். அப்படி ஒன்றும் இல்லை. தாய்வழி, தந்தைவழி என்று சொந்தத்தைக் கணக்குவைத்த சமூகம், அதே வழியில் போகிற இரண்டு சங்கதியோடு பொருந்துகிறது. அவ்வளவுதான். மொத்த டி.என்.ஏயை எடுத்தால் பெரியம்மாவின் மகளும் மாமாவின் மகளும் எனக்கு ஒரே தூரம்தான், சராசரியாக எட்டில் ஒரு பங்கு. மச்சானைக் கட்டினால் பாதுகாப்பு, அண்ணனைக் கட்டினால் ஆபத்து என்று மரபணு பிரித்துப் பார்ப்பதில்லை.

ஆனால் இந்தப் பொருத்தத்துக்கு ஒரு பயன் இருக்கிறது. ஒரு குடும்பத்தில் ஆர் மாதிரி கொடுக்கவேண்டும் என்று ஓர் அம்மாவுக்கு விளங்கப்படுத்த எச்.எல்.ஏயும் இலத்தீன் பெயர்களும் தேவையில்லை. தாய் தகப்பன் இருந்தால் முதலில் அவர்கள். இல்லாவிட்டால் கூடப்பிறந்தவர்களும் காணாமற்போனவரின் பிள்ளைகளும். அவர்களும் இல்லாவிட்டால், "நீங்கள் சகோதரம் என்று கூப்பிடுகிற ஆக்கள்". ஒரு வரியில் முடிந்துவிடும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். இழைமணி ஒரு தாய்வழியையே காட்டும், தனி ஆளைக் காட்டாது. தலைமுறை தலைமுறையாக ஊருக்குள்ளும் சாதிக்குள்ளும் சொந்தத்துக்குள்ளும் கலியாணம் கட்டின எங்களைப் போன்ற சமூகத்தில், பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஒன்றுபோல இருக்க வாய்ப்பு உண்டு. அதனால் ஒரு குடும்பத்திலிருந்து ஓராள் போதாது, இயன்ற அளவு பேர் வேண்டும். இந்தச் சமூகத்தில் எந்த அடையாளம் எவ்வளவு பொதுவானது என்ற அடிப்படைத் தரவும் வேண்டும். உலகம் முழுக்க 26 சமூகங்களிலிருந்து 2,504 பேரின் டி.என்.ஏயை வாசித்து 2015இல் வெளியிட்ட ஆயிரம் மரபணுத்தொகுதித் திட்டத்தில் இலங்கைத் தமிழர் ஒரு பிரிவாக இருக்கிறார்கள். 102 பேர். ஆனால் மாதிரி எடுத்தது யாழ்ப்பாணத்திலும் இல்லை, வன்னியிலும் இல்லை. ஐக்கிய இராச்சியத்தில். எங்களை உலகம் வாசித்ததுகூட நாங்கள் ஓடிப்போன இடத்தில்தான்.

கேட்கக்கூடாத கேள்வி

தொடக்கத்தில் சொன்ன "ஆர் ஆக்கள்" என்ற கேள்விக்கு வருகிறேன். எலும்பு என்றவுடன் அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் எங்கட தீவுக்கும் வந்திருக்கிறார்கள். 1880களில் சுவிற்சர்லாந்திலிருந்து வந்த பவுல், பிரிட்ஸ் சரசின் என்ற இருவர் வேடர்களை அளந்தார்கள், மண்டையோடுகளைச் சேர்த்துக்கொண்டு போனார்கள். ஆர் மேல், ஆர் கீழ் என்று மனிதரை அடுக்கிய காலம் அது. அந்த மண்டையோடுகளுக்கும் பெயர் இருந்திருக்கும். அதை ஒருவரும் கேட்கவில்லை.

இன்றைய மரபணு ஆய்வு அந்த அடுக்கை உடைத்துவிட்டது. இந்தியத் துணைக்கண்டத்துச் சமூகங்கள் சுமார் 4,200 முதல் 1,900 வருடங்களுக்கு முன்பு வரை ஒன்றோடொன்று நன்றாகக் கலந்தன, பிறகுதான் தங்களுக்குள் மட்டும் கட்டுகிற வழக்கம் இறுகியது என்று 2013இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. தூய இரத்தம் என்று பெருமை பேசுகிற எந்தச் சாதியும் கலப்பில் பிறந்ததுதான். 2023இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு, சிங்களவரும் இலங்கைத் தமிழரும் மரபணுவில் ஒருவருக்கொருவர் மிக நெருக்கமானவர்கள் என்று சொன்னது.

செம்மணிக்கு இது முக்கியம். "இது தமிழரின் எலும்பா, சிங்களவரின் எலும்பா" என்று கேட்டால் டி.என்.ஏ திணறும். "இந்தத் தாயின் பிள்ளையா" என்று கேட்டால் பதில் சொல்லும். இனத்தை விசாரிக்க இந்த அறிவு சரிவராது. உறவை விசாரிக்கச் சரிவரும். மாத்தளையில் 2012இல் கண்டெடுத்த 150க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகளைத் தன் மகனாக இருக்குமோ என்று பார்த்துக்கொண்டிருந்த சிங்களத் தாய்க்கும் இதே சோதனைதான், இதே வங்கிதான் தேவை.

உடுப்பும் குருதியும்

2025 ஓகஸ்ட் 5ஆம் திகதி, செம்மணியில் எடுத்த உடுப்புகளையும் பொருட்களையும் நீதிமன்ற உத்தரவுப்படி பொதுமக்களுக்குக் காட்டினார்கள். எங்கட ஒழுங்கையில் ஓர் ஆச்சி இருக்கிறா. 1996இல் சைக்கிளில் போன மகன் திரும்பி வரவில்லை. அவவும் போய்ப் பார்த்தா. வந்து சொன்னது இதுதான்: "எல்லாம் மண்ணின்ர நிறமாக் கிடக்கு பிள்ளை. என்ன கலர் சேட்டு போட்டவன் எண்டுகூட எனக்கு இப்ப வடிவா ஞாபகம் இல்லை." அதைச் சொல்லிவிட்டு, ஞாபகம் இல்லாததுக்காகத் தன்னையே ஏசினா.

உடுப்புக் காட்டுவது பிழை இல்லை. ஆனால் அதை மட்டும் நம்பியிருப்பது ஒரு தாயின் ஞாபகத்துக்குப் பரீட்சை வைப்பது. பொஸ்னியாவிலும் முதலில் இதைத்தான் செய்தார்கள். 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிட்சாவில் சுமார் 8,000 பேர் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்கள் பிறகு இயந்திரம் கொண்டுவந்து புதைகுழிகளைக் கிளறி வேறு இடங்களுக்கு மாற்றினார்கள். ஒரே ஆளின் எலும்பு இரண்டு மூன்று குழியில் கிடந்தது. உடுப்புகளின் படங்களைப் புத்தகமாகப் போட்டுக் காட்டினார்கள், கொஞ்சப் பேரைத்தான் இனங்காண முடிந்தது. பிறகு காணாமற்போனோருக்கான சர்வதேச ஆணைக்குழு வழியை மாற்றியது. முதலில் உறவினர்களிடம் குருதி, ஸ்ரெப்ரெனிட்சாவுக்கு மட்டும் 20,000க்கு மேற்பட்டவர்களிடம். பிறகு ஒவ்வொரு எலும்பையும் அந்தத் தரவோடு ஒப்பிடுவது. 2001 நவம்பரில் முதல் பொருத்தம் கிடைத்தது. இன்றைக்கு 7,000 பேர் வரை பெயரோடு அடக்கம் செய்யப்பட்டுவிட்டார்கள்.

"இலங்கையில் இதுக்கெல்லாம் வசதி எங்க" என்று கேட்பவர்களுக்குக் கல்முனையை ஞாபகப்படுத்தலாம். 2004 டிசெம்பர் 26 சுனாமியில் தப்பின ஒரு குழந்தை கல்முனை வைத்தியசாலையில் 81ஆவது ஆளாகப் பதியப்பட்டது. ஒன்பது தாய்மார் உரிமை கோருகிறார்கள் என்று உலக ஊடகங்கள் எழுதின. உண்மையில் நீதிமன்றத்துக்குப் போனது ஒரு குடும்பம்தான். டி.என்.ஏ சோதனை நடந்தது. 2005 பெப்ரவரி 14இல் முடிவு வந்தது, பிள்ளை தாய் தகப்பனிடம் போனது. 50 நாட்கள். முடியாதது இல்லை. உலகம் பார்த்துக்கொண்டிருந்தபோது முடிந்தது.

மன்னாரையும் இந்த இடத்தில் சொல்லவேண்டும். 2018இல் சதொச வளாகத்தில் 300க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுத்தார்கள். ஆறு மாதிரிகளை அமெரிக்காவுக்கு அனுப்பிக் காபன் சோதனை செய்தார்கள். 15ஆம் நூற்றாண்டுக்கும் 17ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை என்று முடிவு வந்தது. குடும்பங்கள் அதை ஏற்கவில்லை. காபன் சோதனை "எப்போது" என்ற கேள்விக்கு. டி.என்.ஏ "ஆர்" என்ற கேள்விக்கு. ஒன்றுக்காக மற்றதைக் கைவிட முடியாது. அதைவிட, மாதிரியை ஆர் தெரிவு செய்தார்கள், ஆர் கொண்டுபோனார்கள், எங்கே வைத்திருந்தார்கள் என்று குடும்பத்துக்கு வெளிப்படையாகத் தெரியாவிட்டால், சரியான விஞ்ஞானத்தைக்கூட ஒருவரும் நம்பப்போவதில்லை.

"குருதி குடுத்தா, செத்திட்டான் எண்டு ஒத்துக்கொண்ட மாதிரி"

இதுதான் நான் கேட்ட மிகக் கடினமான பதில். பல அம்மாமார் இப்படித்தான் நினைக்கிறார்கள். அவர்கள் கேட்பது உயிரோடு கையளித்த பிள்ளையை. எலும்போடு ஒப்பிடக் குருதி கேட்டால், அது பிள்ளையைக் கைவிடுகிற மாதிரி.

இதை விளக்கமின்மை என்று தள்ள எனக்கு விருப்பமில்லை. ஆர்ஜென்ரீனாத் தாய்மாரும் இதே கேள்வியில் உடைந்தார்கள். 1986இல் அவர்களுடைய அமைப்பு இரண்டாகப் பிரிந்தது. ஹெபே டி பொனபினி தலைமையிலான பிரிவு எலும்பு தோண்டுவதையே எதிர்த்தது. கொன்றவனைத் தண்டிக்காமல் எலும்பைக் கையில் தந்து வீட்டுக்குப் போ என்கிறார்கள் என்பது அவர்களுடைய வாதம். அந்தப் பயம் நியாயமானது. டி.என்.ஏ செத்தவர் ஆர் என்று சொல்லும், கொன்றவர் ஆர் என்று சொல்லாது. அது நீதிமன்றத்தின் வேலை. ஒன்றைக் கொடுத்து மற்றதைப் பறிக்க விடக்கூடாது.

ஆனாலும் அந்தப் பாட்டிமாரின் வங்கி தொடங்கியது செத்தவரைத் தேடுவதற்கு இல்லை, உயிரோடு இருக்கிறவரைத் தேடுவதற்கு. வங்கியில் இருக்கிற மாதிரி ஒரு கேள்வி மட்டும்தான். உயிரோடு இருக்கிற பிள்ளை வந்தாலும் அது பதில் சொல்லும், எலும்பு வந்தாலும் பதில் சொல்லும். குருதி கொடுப்பது நம்பிக்கையை விடுவதில்லை. தனக்குப் பிறகும் தேடலைத் தொடரச் சொல்லிவிட்டுப் போவது.

அடுத்த தடை நம்பிக்கை. ஆருடைய காலத்தில் பிள்ளை காணாமற்போனதோ அதே அரசிடம் குருதியைக் கொடுக்கச் சொன்னால் ஆர் கொடுப்பார்? 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த காணாமற்போனோர் அலுவலகத்தையே பல குடும்பங்கள் ஏற்கவில்லை. ஆகவே வங்கி என்று சும்மா கேட்க முடியாது. சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட, பொலிசும் பாதுகாப்புப் படையும் கைவைக்க முடியாத, குடும்பங்களின் பிரதிநிதிகளும் சர்வதேச நிபுணர்களும் மேற்பார்க்கிற, இந்த ஒரு தேவைக்கு மட்டும் பயன்படுகிற வங்கி என்று விளக்கமாகக் கேட்கவேண்டும். 2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் உறவினருக்கு உண்மையை அறியும் உரிமை உண்டு என்று சொல்கிறது. அந்த உரிமையை நடைமுறையாக்க இப்படி ஒரு வங்கி இல்லாமல் வழியில்லை.

நாங்கள் என்ன செய்யலாம்? 1984இல் அமெரிக்கத் தடயவியல் மானிடவியலாளர் கிளைட் சினோ ஆர்ஜென்ரீனாவுக்குப் போனபோது, பெரிய பெரிய ஆட்கள் பயத்தில் ஒதுங்கினார்கள். முன்வந்தது பல்கலைக்கழக மாணவர்கள். மானிடவியல், தொல்லியல், மருத்துவம் படித்த, எங்கட வயது ஆட்கள். அவர்கள் அமைத்த குழு பிறகு உலகின் பல நாடுகளில் புதைகுழிகளைத் தோண்டியது. எல்லாரும் தோண்டத் தேவையில்லை. எங்கட ஊரில் ஆர் ஆர் காணாமற்போனார்கள், எந்தத் திகதி, அம்மா இருக்கிறாவா, பெரியம்மா எந்த நாட்டில் என்று ஒரு குடும்ப மரம் எழுதி வைக்கக் கலைப்பீடத்து அறிவு போதும். நாளைக்கு வங்கி வருகிறபோது முதலில் கேட்கப்போவது அந்த மரத்தைத்தான். குடும்பம் சம்மதித்தால் மட்டும், குடும்பத்திடமே ஒரு பிரதி வைத்து.

நான் எங்கட ஒழுங்கையில் தொடங்கியிருக்கிறேன். போன கிழமை அந்த ஆச்சியிடம் கொப்பியோடு போனேன். மகனின் பெயர், பிறந்த வருடம், கூடப்பிறந்தவர்கள், ஆச்சியின் சகோதரிகள் எல்லாம் எழுதினேன். ஒரு சகோதரி கனடாவில். இன்னொருவர் தெல்லிப்பழையில். ஆச்சிக்கு 79 வயது. எல்லாம் சொல்லி முடித்த பிறகு என்னுடைய முகத்தை வடிவாகப் பார்த்துக் கேட்டா.

"அதுசரி, நீ ஆரின்ர பிள்ளை?"

சொன்னேன். பிறகு தேத்தண்ணி வந்தது.